நாலு பேருக்கு ஒரே அறை, ஜன்னல் வேண்டாம்

கப்பலில் போகலாம் என்று லிஃப்ட்காரர் முடிவு செய்ததற்குக் கடல் காரணமில்லை. தண்ணீரைக் கண்டாலே அவருக்குக் குமட்டும். ஒரு முறை பூங்காக் குளத்தில் மிதிபடகில் ஏறிவிட்டு, கரைக்கு வந்ததும் முகம் வெளிறிப் போய்ப் புல்தரையிலேயே உட்கார்ந்துவிட்டவர். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு வாரம் கடலில் கிடக்க ஆசைப்பட்டார் என்றால், காரணம் வீட்டுக்குள்தான் இருந்தது. இரண்டு காரணங்கள். ஒன்றுக்குப் பதினேழு வயது, இன்னொன்றுக்குப் பதினாலு.

அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. லிஃப்ட்காரர் என்றால் தெருவே வழி காட்டும். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுகளை அவருடைய கம்பெனிதான் பார்த்துக்கொள்கிறது. நின்றுபோன லிஃப்ட்டை ஓட வைப்பது பாதி வேலை. மீதிப் பாதி, ஆள் போய்ச் சேரும்வரை உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு பேசிக்கொண்டிருப்பது. லிஃப்ட்டில் மணிப் பொத்தானை அமுக்கினால் கம்பெனி போன் அடிக்கும். யார் முறையோ அவர் எடுக்க வேண்டும். இந்தப் பேச்சில் லிஃப்ட்காரரை அடிச்சிக்க ஆளில்லை. பேர் மட்டும் கேட்க மாட்டார். பேர் கேட்டால் ஏதோ புகார் எழுதப் போகிறார்கள் என்று ஜனங்கள் பயந்துவிடுவார்கள். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், போனை வைக்க மாட்டேன்" என்று ஆரம்பித்து, என்ன படிக்கிறீங்க, வீட்டில் யார் யார் என்று மெல்ல மெல்ல இழுத்து, கதவு திறக்கும்போது ஆள் சிரித்துக்கொண்டே வெளியே வருகிற மாதிரி செய்துவிடுவார்.

இத்தனை வருஷத்தில் அவர் கண்டுபிடித்தது ஒன்றுதான்: மனுஷனைப் பெட்டிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினால் வாய் தானாகத் திறக்கும். ஒரே மாடியில் எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டு முகம் திருப்பிக்கொண்டு போனவர்கள், ஒரு தரம் சேர்ந்து மாட்டிக்கொண்டதும் சம்பந்தம் பேசாத குறையாக வெளியே வந்திருக்கிறார்கள். இவர் கண்ணால் பார்த்தது.

வீட்டில் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. அங்கே கதவைச் சாத்திக்கொள்வது பிள்ளைகள், வெளியே நிற்பது இவர். சின்னவன் காதில் எப்போதும் எதையாவது செருகிக்கொண்டிருப்பான். கூப்பிட்டால் ஒரு காதை மட்டும் விடுவிப்பான், அதுவும் ஏதோ தானம் கொடுப்பது போல. பெரியவள் அதைவிட மேல். மரியாதைக்குக் குறைவில்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பாள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். விடுமுறை முடிந்ததும் வெளியூர்க் கல்லூரி, விடுதி, கணக்கியல் படிப்பு. படிப்பை இவர்தான் தேர்ந்தெடுத்தார். அவருக்குத் தெரிந்து அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. கிளம்புவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மகள் தன்னோடு உட்கார்ந்து மனம் விட்டுப் பேசிவிட வேண்டும். மனுஷனுக்கு அதுதான் வேண்டும். பெற்ற பெண்ணிடம் போய் இதை எப்படிக் கேட்பது? வெட்கமாக இருந்தது. ஆகவே கப்பல்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் விஷயத்தை உடைத்தார்.

"கப்பலா?" என்றாள் மனைவி. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை செய்பவள். மற்றவர்கள் வலியை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து எதற்கும் அதிர்ச்சி அடையாதவள். "உங்களுக்குக் குளத்துலயே தலை சுத்துமே."

"அதெல்லாம் மாத்திரை இருக்கு."

"வைஃபை இருக்கா?" என்றான் சின்னவன், ஒரு காதை விடுவித்து.

"இருக்கும், இருக்கும்," என்றார். இருக்கவே கூடாது என்பதுதான் அவருடைய பிரார்த்தனை.

பெரியவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "என் டப்பாவெல்லாம் யார் பாத்துக்குவா?" என்றாள்.

டப்பா என்றால் பால்கனியில் அவள் வரிசையாக வைத்திருக்கும் கண்ணாடிப் பாட்டில்கள். உள்ளே இலை, மண், வண்டு, புழு. பொழுது போகாமல் செய்கிற காரியம் என்று இவர் நினைத்திருந்தார். இரண்டு தரம் கரப்பான் மருந்தை எடுத்துக்கொண்டு போய் அடித்தும் இருக்கிறார்.

"பூச்சிக்கெல்லாம் ஆள் போட முடியுமா? பேசாம சாப்பிடு," என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் லிஃப்ட்காரரா? சபை கூடியிருக்கும்போதே நல்லதைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தார்.

"போன மாசம் ஒரு பொண்ணு லிஃப்ட்ல தனியா மாட்டிக்கிச்சு. உன் வயசுதான் இருக்கும். எப்படிப் பேசுச்சு தெரியுமா? மணி மணியா. தனக்கு என்ன படிக்கணும், வீட்ல சொல்ல ஏன் பயம், எல்லாத்தையும் கொட்டிடுச்சு. முன்னபின்ன தெரியாத என்கிட்ட. நான்கூடச் சொன்னேன், அப்பாகிட்ட நேராச் சொல்லுங்கம்மா, எந்த அப்பாவும் புரிஞ்சிக்குவார்னு. அதெல்லாம் பெத்தவங்க வளர்க்கிற விதம்."

பெரியவள் நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தாள். "அப்படியா?" என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். தண்ணீர் ரொம்ப நேரம் கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்த பெண்ணின் குரலில் தேன் வழிந்தது.

"டீனேஜ் பசங்க இருக்காங்களா சார்? கவலையே படாதீங்க. அவங்களுக்குன்னே தனித் தளம் இருக்கு. காலைல விட்டீங்கன்னா படுக்கத்தான் வருவாங்க. ஒரு வாரமும் உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டாங்க."

"தொந்தரவு பண்ற கப்பல் ஏதாவது இருக்கா?" என்றார்.

அந்தப் பெண் பேச்சை மாற்றினாள். "உங்களுக்கு எந்த மாதிரி அறை வேணும் சார்? பால்கனியோட, கடல் பார்த்து..."

"நாலு பேருக்கு ஒரே அறை. ஜன்னல் வேண்டாம்."

"ஜன்னல் வேண்டாமா?"

"உள்ளதிலேயே சின்ன அறையாப் பாருங்க. கட்டில் ரொம்பப் பக்கத்துல இருந்தா நல்லது."

அவள் இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கோரிக்கையைக் கேட்டிருக்க மாட்டாள். பெரிய கப்பல் வேண்டாம், பழைய கப்பல் இருந்தால் சொல்லுங்கள், நீச்சல் குளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடுக்கடலில் போன் எடுக்காதுதானே என்று அவர் கேட்கக் கேட்க, ஏதோ தலைமறைவாகப் போகிற குடும்பம் என்றே நினைத்திருப்பாள். கடைசியில் அப்படி ஒரு கப்பலும் அகப்பட்டது. பதிவு செய்ய நாலு பேரும் நேரில் வந்து போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பினார்கள். சின்னவனைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அலுவலகம் ஐந்தாவது மாடியில், கீழே செருப்புக் கடை, நடுவில் கண் மருத்துவமனை. அந்தக் கட்டடத்து லிஃப்ட் இவருடைய கம்பெனி பராமரிப்பதுதான். ஏறியதும் பழக்க தோஷத்தில் மேலே இருந்த விளக்கையும் மின்விசிறியையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் யோசித்துத்தான் ஏறுவார், அவ்வளவு இடம்.

மூன்றைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

சத்தத்தைக் கேட்ட மாத்திரத்திலேயே லிஃப்ட்காரருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெரிய கோளாறே இல்லை. கதவு நூல் இழை அளவு விலகியிருக்கிறது. கதவு மூடவில்லை என்று நினைத்துக்கொண்டு லிஃப்ட் முரண்டு பிடிக்கிறது. உள்ளே இருந்தபடியே உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினால் ஓடிவிடும். கையைக்கூடத் தூக்கிவிட்டார்.

அப்போதுதான் மனுஷனுக்குப் புத்தி வேலை செய்தது. நாலு பேர். ஒரே அறை. ஜன்னல் இல்லை. கப்பலே தேவையில்லையே. தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

"என்னாச்சுங்க?" என்றாள் மனைவி.

"கொஞ்சம் பெரிய கோளாறு மாதிரி இருக்கு. காத்திருக்கணும். அவசரப்பட்டுத் தொடக் கூடாது." பெண்டாட்டியிடம் கூசாமல் சொன்னார். "சும்மா நிக்கிற நேரத்துல பேசிக்கிட்டிருக்கலாம். அப்புறம்? எல்லாரும் எப்படி இருக்கீங்க?"

ஒரே வீட்டில் இருந்து ஒரே காரில் வந்த மூன்று பேரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு மூவரும் போனை எடுத்து உயரத் தூக்கி, சிக்னல் இருக்கிறதா என்று மூலைக்கு மூலை திரும்பினார்கள். எந்தப் பெட்டியில் யாரைப் போட்டாலும் வாய் திறக்கும் என்று நம்பிய மனுஷன் நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"இங்க ஒரு மணி இருக்கே," என்று சின்னவன் பொத்தானை அமுக்கிவிட்டான்.

கரகரவென்று இரைச்சல். அடைத்துக்கொண்ட குழாய் மாதிரி ஒரு குரல். "ஹல்..."

"டேய் ஜூனியர், நான்தான்டா," என்றார் லிஃப்ட்காரர், அந்த ஹலோ முடிவதற்குள்.

"அண்ணே, நீங்களா? எந்த லிஃப்ட்? ஓ, செருப்புக் கடையா? அந்தக் கதவுதான் நேத்துலருந்து தகராறு பண்ணுது. உள்ள இருந்தே ஒரு தள்ளு தள்ளுங்க, ஓடிடும். உங்களுக்கா நான் சொல்லணும்?"

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "பெரிய கோளாறு," என்றாள்.

லிஃப்ட்காரருக்கு அசடு வழிந்தது. பேசாமல் கதவில் உள்ளங்கையை வைத்தார். தள்ளப் போகும் நேரத்தில் பெரியவள் வாயைத் திறந்தாள்.

"அவர் குரல் மட்டும் உடனே தெரியுதுப்பா உங்களுக்கு."

"ரெண்டு வருஷமா கூட வேலை செய்றவன். தெரியாம இருக்குமா?"

"நான் பதினேழு வருஷமா கூட இருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் போனைப் பைக்குள் போட்டாள்.

"போன மாசம் லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட பொண்ணு நான்தான்பா. காலேஜுக்காக நீங்க சேர்த்துவிட்ட கணக்கு டியூஷனுக்குப் போகாம பூச்சிகளைப் பத்தி ஒரு பேச்சு கேக்கப் போனேன். வர்றப்ப நின்னுடுச்சு. நீங்க எடுத்தீங்க. நீங்கன்னு எனக்கு உடனே தெரிஞ்சிடுச்சு."

சின்னவன் இரண்டு காதையும் விடுவித்துக்கொண்டான்.

"அப்பவே சொல்றதுக்கென்னம்மா?" என்றார் லிஃப்ட்காரர்.

"சொன்னா, டியூஷன் நேரத்துல அங்க என்ன பண்றேன்னு கத்தியிருப்பீங்க. சார்னு கூப்பிட்டேன். நீங்க என்னை நீங்க, வாங்கன்னு பேசுனீங்க. என்ன படிக்க ஆசைன்னு கேட்டீங்க. பூச்சின்னு சொன்னேன். ரொம்ப நல்ல படிப்பாச்சே, எத்தனை பேருக்கு இப்படி ஆசை வரும்னீங்க. உங்களுக்குப் பசங்க இருக்காங்களா சார்னு கேட்டேன். ரெண்டு பேரு, என்கூடப் பேசவே மாட்டாங்கன்னீங்க. அப்பாகிட்ட நேராச் சொல்லுங்கன்னு நீங்கதான சொன்னீங்க? அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொன்னேன். அப்பா, எனக்குக் கணக்கியல் வேண்டாம்னு ஆரம்பிச்சேன். பேசாம சாப்பிடுன்னுட்டீங்க."

மனைவி லிஃப்ட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவருக்கு அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. நன்றாகவே வந்தது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட யார் வீட்டுப் பெண்ணோ இப்படிப் பேசுகிறதே, நமக்கு வாய்த்தது இப்படி இருக்கிறதே என்ற வயிற்றெரிச்சலில்தான் அன்றைக்கு அவள் மேல் எரிந்து விழுந்தார். கடலுக்குப் போகாமலே குமட்டிக்கொண்டு வந்தது.

"தள்ளுங்கப்பா," என்றாள் பெரியவள், கோபமில்லாமல். "ஆபீஸ் மூடிடுவாங்க."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். ஏதாவது சொல்ல வேண்டும். அப்பாவாகச் சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்த நல்ல பேச்சு ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஊரார் வீட்டுப் பிள்ளைகளிடம் பேசிப் பழகியது. சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கம்மா," என்றார். "எந்தப் பூச்சி?"

பெரியவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள். இருந்த இடத்தில் முழங்காலோடு முழங்கால் இடித்தது.

"வண்டு, சார்," என்றாள்.

"அண்ணே," என்று இரைச்சலுக்கு நடுவில் ஜூனியர் கூப்பிட்டான். "தள்ளிட்டீங்களா? ஓடுதா?"

"இல்லப்பா," என்றார் லிஃப்ட்காரர். "இது கொஞ்சம் நேரம் பிடிக்கும்."