சர்க்கரை போடும் முன்

ரக்ஷிதா, அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் பிளக்கை உருவினாள். தலைமாட்டில் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உறுமல் நின்றது. அதே சாக்கெட்டில் ஃப்ரீசரின் பிளக்கைச் செருகினாள். கூடத்து மூலையில் அது ஒருமுறை குலுங்கி ஓடத் தொடங்கியது.

பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"கரண்ட்டு போய்ட்சி," என்றாள் கோவிந்தம்மாள் அத்தை, யாரும் கேட்காமலே. "வந்துடும்."

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ரக்ஷிதாவின் அப்பாவுக்கு அக்கா அவள். நகரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். ரக்ஷிதாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற? உங்கம்மாடி அது."

"பழக்கூழ் உருகுது அத்தே."

"ரெண்டையும் போடேன்."

"போட்டா ஃபியூஸ் போவுது."

"பக்கத்து வூட்ல ஒரு ஒயர் கேக்கறது."

"இன்னான்னு சொல்லிக் கேக்கறது?"

அத்தை கூடத்துக்குப் போய், தானே பிளக்கை மாற்றிச் செருகிவிட்டு, கரண்ட்டு வந்துவிட்டதாக அறிவித்தாள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் விடியும் முன் போய்விட்ட அம்மா ஸ்வர்ணலதா, இப்போது சித்தூரில் தன் வீட்டுக் கூடத்தில் மகனுக்காகக் காத்திருந்தாள். அண்ணன் கோகுலகிருஷ்ணன் புனேயிலிருந்து பெங்களூர் வந்து, அங்கிருந்து டாக்ஸி பிடித்திருந்தான். பலமனேர் தாண்டவில்லை என்று போன் வந்தது. பிறகு, தாண்டிவிட்டான், ஆனால் லாரி ஒன்று கவிழ்ந்து வழி அடைத்திருக்கிறது என்று வந்தது.

ரக்ஷிதாவால் உட்கார முடியவில்லை. அம்மாவின் காலருகே உட்காருவாள். எழுந்து போய் ஃப்ரீசரைத் திறப்பாள். காலையில் கல்லாக இருந்த பைகளில் இப்போது விரல் பதிந்தது. மூடிவிட்டு வந்து கண்ணாடிக்குக் கீழே அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். மறுபடி எழுவாள். "பெத்த பொண்ணு, ஒரு எடத்துல நிக்க முடியல பாரு," என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ரக்ஷிதாவுக்குக் கூச்சமாக இருந்தது. அவர்கள் நினைப்பதும் பொய்யில்லை என்று பிறகு தோன்றியது.

அம்மா மாம்பழ ஜாம் காய்ச்சி விற்றாள். மருந்தடிக்காத, கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைக்காத பழம் மட்டும்தான் வாங்குவாள். இந்தக் கடைசிப் பழம் குப்பம் பக்கம் நாகபூஷணம் தோட்டத்தது. வைக்கோலில் பழுக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வீங்கிய காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு அம்மா எல்லாவற்றையும் ஒருத்தியாகவே உரித்துக் கூழாக்கினாள். ஆஸ்பத்திரி போய்வந்து காய்ச்சிக்கொள்ளலாம் என்று உறைய வைத்தாள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் கெட்டுவிடும். இன்றே காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் சாக்கடையில் கொட்ட வேண்டும். ஆனால் பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்பு எரியக்கூடாது.

வெயில் சாய்ந்தபோது அண்ணன் வந்தான். பெட்டியின் மேல் விழுந்து அழுதான். ரக்ஷிதா அவன் முதுகில் கை வைத்திருந்தாள். அந்தக் கையில் கூழ்ப் பைகளின் ஈரம் இருந்தது.

ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். மேளச் சத்தம் தெருமுனை திரும்பியது. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். தலைக்கு ஊற்றிக்கொண்ட ரக்ஷிதா, ஈரத்தலையோடு ஃப்ரீசரைத் திறந்து பைகளைக் கிழித்து அகலப் பாத்திரத்தில் ஊற்றினாள். மஞ்சளாக, மெதுவாக விழுந்தது. அடுப்பைப் பற்றவைத்தாள்.

முதலில் உலை வைக்க வேண்டுமே என்றாள் எதிர் வீட்டுக் கலைவாணி. சாவு வீட்டில் யாராவது இனிப்புக் காய்ச்சுவார்களா என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். அத்தை, களைந்த அரிசியை மூடி ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"சோறு எங்க போவுது. அப்பறம் வைக்கலாம்."

கூழ் கொதித்துத் தெறித்தது. மணிக்கட்டில் சுட்டது. ரக்ஷிதா துடைக்காமல் கிளறினாள். வாசம் வீடு முழுக்கப் பரவி, ஊதுபத்தி வாசத்தை வெளியே தள்ளியது. தண்ணீர் சுண்டிக் கெட்டியானதும் சர்க்கரை டப்பாவை எடுத்தவள், அப்படியே நின்றாள்.

எவ்வளவு?

ஃபாக்டரிக்குப் போகும் பழம்போல இது ஒரே ருசியாக இருக்காது. ஒரே தோட்டத்திலேயே மரத்துக்கு மரம் மாறும், மழைக்கு மழை மாறும். அதனால் அம்மாவுக்கு அளவு என்று ஒன்று கிடையாது. வாயில் வைத்துப் பார்த்துத்தான் போடுவாள்.

ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பவில்லை. அவர்கள் வந்து குளிக்கும் வரை வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கக்கூடாது. இனிப்பு, கருமாதி முடியும் வரை கூடாது.

"குத்துமதிப்பா போட்டுடும்மா," என்றாள் கலைவாணி.

"நான் வேணா வாயில வெச்சிப் பாக்கட்டா?" என்றாள் அத்தை. "எனக்கு இன்னா ஆவப்போவுது."

"உனக்குத் தெரியாது அத்தே."

தனக்குத் தெரியுமா என்பதும் ரக்ஷிதாவுக்குத் தெரியவில்லை. தீயைக் குறைத்தாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதினாள். சமையலறை வாசலில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, நாக்கில் வைத்தாள்.

விழுங்க நேரமானது.

"இன்னாடி?" என்றாள் அத்தை, மெதுவாக.

"புளிக்குது."

அத்தை டப்பாவின் மூடியைத் திறந்து நீட்டினாள். ரக்ஷிதா ஒரு கை அள்ளிப் போட்டு, கரையும் வரை கிளறி, மறுபடியும் கரண்டியைத் தூக்கி ஊதத் தொடங்கினாள்.