சுப்புராஜின் முன்பல்

மதுரை டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் சுப்புராஜ் முதலில் பார்த்தது பல்லை இல்லை, மீசையை. மீசை இருந்த இடத்திலேயே இருக்கிறதென்று தெரிந்த பிறகுதான் மேலுதட்டைத் தூக்கினார். ஆறு வாரமாகப் பாதியாய் நின்ற முன்பல் இப்போது முழுசாக, பால் நிறத்தில், பக்கத்துப் பற்களை வெட்கப்பட வைத்துக்கொண்டு நின்றது. உடைந்த பல்லைச் சுற்றி ராவி, அதன் மேல் பீங்கானில் உறை செய்து மாட்டியிருக்கிறார்களாம். "நல்ல கெட்டி. வெத்தலைக் கறை பிடிக்காது, சொத்தை விழாது," என்றார் டாக்டர். "ஆனா சொந்தப் பல்லு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பீங்கானுக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாது. தாங்குற வரைக்கும் தாங்கும், அப்புறம் ஒரேயடியா உடைஞ்சிரும். கெட்டியானதை முன்பல்லால கடிக்காதீங்க." சுப்புராஜ் 'நல்ல கெட்டி' என்பதை மட்டும் மடியில் முடிந்துகொண்டு மீதியை அந்த நாற்காலியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடிப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. அருப்புக்கோட்டையில் பயறுத் தரகர். திருச்சுழிப் பக்கம், பரளச்சிப் பக்கம் எந்தக் களத்தில் துவரை குவிந்தாலும் சுப்புராஜ் வந்து ஒரு மணியை எடுத்து முன்பல்லில் வைக்க வேண்டும். 'கடுக்'கென்று இரண்டாய் உடைந்தால் காய்ச்சல், லோடு ஏற்றலாம். பல் பதிந்து நசுங்கினால் ஈரம், இன்னும் இரண்டு வெயில் காயட்டும். விற்கிறவரும் வாங்குகிறவரும் அதற்கு மேல் வாய் திறப்பதில்லை. இருபத்திரண்டு வருஷம் இப்படித் தீர்ப்புச் சொன்ன பல், உளுந்துக்குள் ஒளிந்திருந்த ஒரு கல்லிடம் தோற்றுப்போனது.

ஊர் வந்து இறங்கியதும் சும்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். போனாரா? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்று, கரண்டுக் கம்பத்தை அண்ணாந்து பார்த்து, "மேல வெள்ளையாக் குமிழு தெரியுதுல்ல, அதே பீங்கான்தான்வே இது. வெயிலு, மழை, இடி அம்புட்டையும் தாங்குது. துவரை என்ன செஞ்சிரும்?" என்று பல்லைக் காட்டினார். டீ குடிக்க வந்த பத்துப் பேரும் ஒருதரம் கம்பத்தையும் ஒருதரம் அவர் வாயையும் பார்த்தார்கள். வீட்டில் மனைவி சௌந்தரத்திடம் இந்தக் கம்பக் கதை எடுபடவில்லை. "நம்ம ஊறுகா ஜாடியும் பீங்கான்தான். போன ஆடியில கை தவறி என்ன ஆச்சுன்னு ஞாவகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அன்றிலிருந்து முறுக்கைக்கூட இடித்துத்தான் தட்டில் வைத்தாள்.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது? சௌந்தரம் கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, பானையிலிருந்து ஒரு துவரையை எடுத்து மெதுவாகக் கடித்தார். 'டக்'. தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டெடுத்த துவரையைக் கடித்தார். அதற்கும் ஒரு சேதியும் வரவில்லை. பலகையில் வைத்துக் கடித்த மாதிரி இருந்தது. முன்பெல்லாம் பல் வழியாக ஏதோ ஒன்று ஏறி மண்டைக்குள் வந்து 'காய்ச்சல்' என்றோ 'ஈரம்' என்றோ சொல்லும். இப்போது அது வாசலிலேயே நின்றுவிட்டது. கடைவாயில் கடித்தால் சத்தம் வெளியே வராது, கேட்காத தீர்ப்பை எந்தக் களமும் ஒத்துக்கொள்ளாது. பிழைப்பு போச்சே என்று அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

சௌந்தரம்தான் வழி சொன்னாள். "கடிக்கிற மாதிரி கடிங்க. கண்டுபிடிக்கிறதை வேற எதுலயாச்சும் வச்சுக்கோங்க." அப்போதுதான் அவருக்குத் தன் கால் ஞாபகம் வந்தது. களத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுக் குவியலுக்குள் கால் விட்டு நடப்பது அவர் வழக்கம். காய்ந்த துவரை சலசலவென்று விலகும், ஈரத் துவரை காலைப் பிடிக்கும். இனி தீர்ப்பைக் கால் சொல்லட்டும், சத்தத்தை நாக்கு போடட்டும். பத்து நாள் நாக்கை அண்ணத்தில் ஒட்டிச் சொடுக்கிப் பழகினார். அடுப்படியிலிருந்தே சௌந்தரம் திருத்தினாள்: "இது பல்லி. இன்னும் கட்டையா வரணும்."

நாலு களம் நாக்கிலேயே ஓடியது. ஐந்தாவது பரளச்சியில் நல்லகண்ணுவின் களம். மாசி மாசத்தில் மழையா என்று கேட்கக்கூடாது, அன்றைக்கு மேற்கே கருக்கலிட்டிருந்தது. வருஷம் முழுக்கப் பாடுபட்ட துவரை மூடாக்கு இல்லாமல் குவிந்து கிடந்தது. மழைக்கு முன்னால் ஏற்றினால் உண்டு, இல்லாவிட்டால் அங்கேயே முளைத்துவிடும். நல்லகண்ணு வானத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். சுப்புராஜின் கால் 'காய்ச்சல்' என்றது. அவரும் நாக்கைச் சொடுக்கினார்.

மில்லுக்கு வாங்க வந்த ராஜகுரு நகரவில்லை. "பீங்கான் பல்லாம்ல? பஸ் ஸ்டாண்டெல்லாம் அதே பேச்சு. வாயைத் தொறந்து எம் முன்னால கடிங்க, அண்ணாச்சி. பாக்கணும்."

தன் வாயால் தானே கெடுவதென்பது இதுதான். இல்லை என்றால் லாரி வெறுமனே திரும்பும், நல்லகண்ணு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். சுப்புராஜ் உதட்டைத் தூக்கி, துவரையை வைத்து, குலசாமியை நினைத்து ஒரு கடி கடித்தார்.

'டடக்!'

களத்து ஓரத்தில் மேய்ந்த ஆடு நிமிர்ந்து பார்த்தது. "யப்பா! இப்படி ஒரு காய்ச்சலை நான் கேட்டதே இல்ல. ஏத்துங்கலே!" என்றார் ராஜகுரு. மூட்டைகள் பறந்தன.

சுப்புராஜ் வாயை இறுக மூடிக்கொண்டார். நாக்கு போய்த் தடவியது. பீங்கானைக் காணோம். துவரை மட்டும் ஒரு கீறலும் இல்லாமல் வாய்க்குள் உருண்டுகொண்டிருந்தது. அப்படியானால் ஊரே கேட்டது பல் உடைந்த சத்தத்தை. துவரை இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை. கால் பொய் சொல்லியிருந்தால்? ஈர லோடு மில்லில் பூசணம் பூத்துப்போனால் இருபத்திரண்டு வருஷப் பேச்சு என்னாவது? வாய் துடைக்கிற சாக்கில் உடைந்த சில்லைத் துண்டுக்குள் துப்பிவிட்டு, லாரிக்கு மறைவாகப் போய், துவரையைக் கடைவாய்க்குத் தள்ளினார். அங்கே இருந்தது அவர் அம்மா பெற்ற பல். மெல்லக் கடித்தார்.

'கடுக்.' சுத்தமாக இரண்டாய் உடைந்தது. அது வேறு யாருக்கும் கேட்கவில்லை. சுப்புராஜுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடைசி மூட்டை ஏறிப் படுதா கட்டும்போது, நல்லகண்ணுவின் மனைவி குருவம்மாள் ஒரு பித்தளைத் தட்டோடு ஓடிவந்தாள். தட்டில் தேங்காய்ப் பருமனுக்கு ஒரே ஒரு பொரிவிளங்கா உருண்டை.

"கரண்டுக் கம்பத்துப் பீங்கானுன்னு அவுக சொன்னாக. அதான் பாகை நல்லா இறுக்கமாவே விட்டேன், அண்ணாச்சி. ஒரு கடி கடிச்சுட்டு நல்லாருக்கான்னு சொல்லுங்க."

ராஜகுரு திரும்பினார். லாரி மேலிருந்தவர்கள் கயிற்றைப் பிடித்தபடி குனிந்து பார்த்தார்கள். சுப்புராஜ் உதட்டைப் பிரிக்காமல் சிரித்துக்கொண்டு உருண்டையைக் கையில் வாங்கினார். முதல் தூறல் அதன் மேல் விழுந்தது. உள்ளே இறங்க வழி கிடைக்காமல் வழுக்கி, அவர் விரலிடுக்கில் வந்து நின்றது.