மறுநாள் பண்டிகை

பண்டிகையன்று காலை ஏழு மணிக்குத் தன் வீட்டில் எப்படி இருப்பது என்று ஓட்டுநருக்குத் தெரியவில்லை. குளித்தார், புதுச் சட்டை போட்டார், மடிப்புக் கலையாமல் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். எதிர்வீட்டுப் பிள்ளைகள் பரிசுப் பொட்டலங்களைப் பிரித்துத் தாளைத் தெருவெல்லாம் இறைத்திருந்தார்கள். சமையலறையில் மனைவி சாதாரண நாள் போல் நேற்றைய மிச்சத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினார். அத்தனை பண்டிகையும் ஸ்டியரிங்கோடுதான். அதனால் அந்த வீட்டில் மட்டும் பண்டிகை மறுநாள். "நம்ம வீட்டுக்கு அது நடந்து வருதுடி, அதான் ஒரு நாள் லேட்டு" என்று மனைவி மகளைச் சமாளித்து வைத்திருந்தாள். பாவம், அதை நம்பிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கேலி வாங்கிக் கட்டிக்கொண்டது அந்தக் குழந்தை. கண்மூடும் பொம்மை, சிவப்புக் குடை, முதல் கைக்கடிகாரம் எல்லாம் மறுநாள்தான் அவள் கைக்கு வந்தன. பன்னிரண்டு வயதில் அவள் அப்பாவுக்குக் கொடுத்தது, பழைய துணியை அடைத்துத் தானே தைத்த ஒரு குட்டி மெத்தை. நாளெல்லாம் உட்கார்ந்தே இருக்கிறாராம். கோணல்மாணலான அந்த மெத்தையில் பதினோரு வருஷம் உட்கார்ந்து ஓட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, போன மாதம் டிப்போவில் நடந்த பிரிவு உபசாரம் வரைக்கும். மைக்கைப் பிடித்த நடத்துநர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அண்ணனுக்கு வருஷா வருஷம் பண்டிகை லீவு கிடைக்கும். அதைப் புள்ளகுட்டிக்காரன் எவனுக்காவது விட்டுக் கொடுத்துடுவாரு. அதான் நாங்க தங்கம்னு கூப்பிடுறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். மனைவியும் தட்டினாள், கொஞ்சம் தாமதமாக. மகள் தட்டவில்லை. லீவு தரமாட்டேங்குறாங்க என்றுதான் அத்தனை வருஷமும் வீட்டில் சொல்லியிருந்தார்.

முதல் வருஷம் ஒருத்தன் கையைப் பிடித்துக் கெஞ்சினான், மறுக்க முடியவில்லை. அப்புறம் தங்கம் என்ற பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை இழக்க மனசு வரவில்லை. தன் வீட்டிலும் ஒரு புள்ள காத்திருக்கிறது என்பது உறைக்கவே இல்லையா? அட, உறைக்காமல் என்ன. மறுநாள் இருக்கிறதே என்று இருந்துவிட்டார்.

நேற்று மகளுக்கு போன் போட்டு, இந்த வருஷம் அன்றைக்கே கொண்டாடலாம், பேத்தியோடு வா என்று கெஞ்சாத குறையாகக் கூப்பிட்டார். அவள் கோபப்படவில்லை. மாமியார் வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள், மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்று நிதானமாகச் சொன்னாள்.

"என் பொண்ணு காத்திருந்து பழக வேண்டாம்ப்பா" என்றாள் கடைசியில்.

இப்போது மனைவியாவது மிச்சம் என்று சமையலறை வாசலில் போய் நின்றார். கையில் அவளுக்காக வாங்கிய சால்வை, கடைப் பெண்ணே பளபளக்கும் தாளில் சுற்றிக் கொடுத்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்லத்தான் வந்தார். அதற்குப் பதிலாகப் பொட்டலத்தை நீட்டினார்.

ஈரக் கையைத் துடைத்துவிட்டு அவள் வாங்கிக்கொண்டாள். முகத்தில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். இல்லை. பிரிக்காமலே அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள்.

"நமக்கு நாளைக்குத்தானே."

"இனிமே நான் வீட்லதான் இருப்பேன்" என்றார்.

"இருங்க" என்றாள்.

அடுப்பை அணைத்தாள். துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு, வாசலை அடைத்து நின்றவரை, வழியில் கிடக்கிற நாற்காலியை நகர்த்துவது போல லேசாக ஒதுக்கிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினாள்.