எந்தப் பெட்டி

காலையிலிருந்து சத்யராஜுக்கு இது நாலாவது வீடு. நாலிலும் கரண்ட் இல்லை. நாலிலும் சுவர் அழகாக இருந்தது.

ஏலவார்குழலி வீட்டுக் கூடத்தில் ஃபேனும் லைட்டும் செத்துக் கிடந்தன. ஐந்து மணிக்கு அவள் மகள் காயத்ரியைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்காகவே போன வாரம் சுவரெல்லாம் புட்டி பூசி, பீச் நிறம் அடித்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன் வயரிங் செய்தபோது, எல்லா ஒயரும் வந்து சேரும் ஜங்ஷன் பாக்ஸை சத்யராஜ் கூடத்துச் சுவரில்தான் வைத்திருந்தான். இப்போது அங்கே பீச் நிறம் மட்டும் இருந்தது.

"பெட்டிய மூடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனேக்கா?"

"ஆமாம்பா, சொன்ன. மூடவே இல்லியே!"

ஏலவார்குழலி கூடத்தில் இருந்த தறிக்கு மேலே கையைக் காட்டினாள். சேலையில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு அங்கே அமர்ந்திருந்தது. நெசவு வீட்டில் பெட்டி என்றால் அதுதான்.

"ரெண்டு வருசமா ஒரு துணி போடல. தூசி வுழுந்து டிசைன் அட்டையெல்லாம் பாழாப் போச்சு. ஊட்டுக்காரரு தெனமும் கத்துறாரு. சத்யா சொன்னா காரணம் இருக்கும்னு நாந்தான் அடக்கிக்கினு இருக்கேன்."

சத்யராஜ் அந்தத் தூசியைப் பார்த்தான். இந்தத் தொழிலில் அவன் பேச்சை ஒருவர் இத்தனை ஒழுங்காகக் கேட்டது இதுவே முதல் தடவை. கோபப்படவும் தெம்பில்லை.

மெயினை அணைத்துவிட்டு உளியை எடுத்தான். முதல் ஓட்டையில் செங்கல். இரண்டாவதிலும் செங்கல்.

"செவுரு அம்மை போட்ட மூஞ்சி மாதிரி ஆயிட்சேப்பா!"

"மாப்ள வூட்டுல செவுத்தையா பாக்க வர்றாங்க?"

மூன்றாவதில் பெட்டி அகப்பட்டது. உள்ளே ஒரு இணைப்பு கருகியிருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாகச் சேர்த்தான். நாலே முக்காலுக்கு ஃபேன் சுற்றியது. மீதிப் புட்டியால் இரண்டு ஓட்டைகளை அடைத்து, மூன்றாவதில் வெள்ளை மூடியைத் திருகி, மார்க்கரால் எழுதினான்: 'கரண்ட் பெட்டி. தறிப் பெட்டி அல்ல. பூசாதீர்.'

ஏலவார்குழலி நிம்மதியாக ஒரு பழைய வேட்டியை ஜக்கார்டின் மேல் போர்த்தினாள். பிறகு சுவரைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"வெள்ளையா அசிங்கமா இருக்குதே. அவங்க போற வரைக்கும் இதும்மேல ஒரு துணி தொங்க வுடவா?"

"தொங்க வுடுங்க. துணின்னா வேணும்போது எடுத்துடலாம்ல."

அவள் திரும்பி ஜக்கார்டைப் பார்த்தாள்.

"அப்போ ரெண்டு வருசமா அந்தப் பெட்டிக்கும் துணி போட்டிருக்கலாமாப்பா?"

சத்யராஜ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். ஐந்தாவது வீட்டிலிருந்து போன் வந்துகொண்டிருந்தது.