அதே டிஸ்க்கில் இன்னொரு போல்டர்

1

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: கணினி என்னை எழுத விடவில்லை. டிஸ்க்கில் கோளாறு என்றால், கணினியை ஓட்டுகிற லினக்ஸ் மென்பொருள் உஷாராகிவிடும். இருப்பதைப் படிக்கலாம், புதிதாக ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. ஆகவே பேனா. ஆகவே அடித்தல் திருத்தல்.

தொடக்கம், முதல் முயற்சி: மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் அவன்...

(பெய்யவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில்.)

2

அவன் என் நண்பன். [நண்பன் என்றே இருக்கட்டும்.] மனைவி தையல் தொழில் நடத்துகிறவள். ஆறு வருடமாக வரைந்த பேட்டர்ன்கள், முந்நூற்றுச் சொச்சம் பேரின் தோள், இடுப்பு அளவுகள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். "லினக்ஸ் போட்டுட்டேன், இனிமே நீ நிம்மதியா இரு" என்று சொன்னவன் அவன். இன்று அவள் துணி வாங்கப் போயிருக்கும்போது திரை முழுக்கப் பிழைச் செய்தி. கணினிக் கடைக்குப் போன் போட்டான்.

"கேபிளைக் கழட்டி மாட்டிப் பாத்தீங்களா சார்?"

"பாத்தாச்சு. அப்பவும் அதே பாட்டுதான்."

"அப்ப டிஸ்க்குதான் போகுது. பேக்கப் இருக்குல்ல?"

"வாராவாரம் எடுக்குறேனே."

"எதுல?"

"அதே டிஸ்க்குல. வேற போல்டர்ல."



"ஸ்பேர் சாவிய வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்கீங்க சார். ரிப்பேர் கமாண்ட் எதையும் போட்டுத் தொலைச்சிடாதீங்க. வேற டிஸ்க்க மாட்டி, வர்ற வரைக்கும் காப்பி எடுங்க."

3

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு மக்காக ஒருவன் இருப்பானா என்று வாசகர் கேட்பார். (இருப்பான். மாதாமாதம் சம்பளமும் வாங்குவான்.)

முடிவு அ: ரிப்பேர் கட்டளையைத் தட்டுகிறான். பத்தே நிமிடம். பலித்தால் அவளுக்குத் தெரியவே போவதில்லை. பலிக்காவிட்டால் முந்நூறு இடுப்பும் போச்சு.

முடிவு ஆ: கடைக்காரர் பேச்சைக் கேட்டு நகலெடுக்கிறான். ஐந்து மணி நேரம். அதற்குள் அவள் வந்துவிடுவாள். சொல்லித்தான் ஆகவேண்டும்.

என்டர் பொத்தானின் மேல் அவன் விரல் இறங்கப் போ...

என் விரல். சரி, என் விரல்தான்.

4

ஆ-வைத் தட்டினேன். அறுபத்தொரு சதவீதம் வந்திருக்கிறது. பதினோரு இடத்தில் படிக்க முடியவில்லையாம். அதில் யார் யாருடைய தோள் இருக்கிறதோ.

வாசகர், வாசகர் என்றேனே, அது நீதான். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் இந்தத் தாளை உன் தையல் மிஷின் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். முடிவு உன் இஷ்டம். திட்டுவதென்றால் சமையலறைக்கு வந்து திட்டு, அங்கேதான் இருப்பேன். கணினி மேசையை மட்டும் தட்டிவிடாதே. நகல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.