ராஜமேரியின் புது வாசல்

கடத்தூரில் மாமனார் வீட்டைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்தபோது, தெருப்பக்கம் இளையவன் இனிகோவுக்கும் கொல்லைப்பக்கம் மூத்தவர் கஸ்பாருக்கும் போனது. கஸ்பாரின் மனைவி ராஜமேரிக்கு அன்றிலிருந்தே வயிறு எரிந்தது. பங்குச்சாமியார் வந்தால் இனிகோவின் மனைவி ஆக்சிலியா வீட்டு சோபாவில் அமர்ந்து காபி குடிப்பார். ராஜமேரி வீட்டுக்கு வருகிறவர்களோ பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு நேரே அடுப்படிக்குள் நுழைவார்கள். அவள் அழுக்கு நைட்டியோடு நிற்பாள்.

“சந்துப்பக்கம் சுவத்த இடிச்சு எனக்கும் ஒரு வாசல் வெச்சுக் குடுங்க,” என்று கஸ்பாரை நச்சரித்தாள். தேக்குக் கதவும் காலிங் பெல்லும் சோபாவும் வந்தன. அடுப்படியின் பின்கதவை அடைத்துவிட்டாள்.

பிறகு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு மணி அடித்தார்கள். சோபா நுனியில் உட்கார்ந்து, சௌக்கியம் விசாரித்து, காபி குடித்ததும் எழுந்துகொண்டார்கள். முன்பு அடுப்படியில் உட்கார்ந்து கதை பேசிய சந்துப் பெண்கள் வருவதே குறைந்துபோனது.

அரூரில் தாய்வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிய ராஜமேரி, சந்தில் சிரிப்புச் சத்தம் கேட்டு நின்றாள். ஆக்சிலியாவின் அடுப்படிச் சுவரில் புதிதாக ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே சந்துப் பெண்கள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கக்கா,” என்றாள் ஆக்சிலியா. “உங்க அடுப்படியில எல்லாரும் சிரிக்கறதக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறாமையா இருக்குமுங்க. அதான் நானும் ஒரு கதவு வெச்சுட்டேன்.”

“வேல கெடக்குது புள்ள,” என்று ராஜமேரி நகர்ந்தாள்.

வீட்டுக்குள் போனதும் கஸ்பாரிடம் கேட்டாள்: “முன்னால அத்தன பெரிய வாசல வெச்சுக்கிட்டு அவளுக்கு எதுக்குங்க இன்னொரு கதவு?”

கஸ்பார் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.