ஏசுஅடிமையின் குடல் விழித்த நாள்

புருஷனுக்குக் காற்றுப் பிரிய வேண்டும் என்று ஒருத்தி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வாள் என்று யாராவது சொல்லியிருந்தால் செசிலி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது அவளே நேர்ந்துகொண்டு குழித்துறை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். இனயம் கடற்கரையில் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாய் விற்கிறவள்; ஓரிடத்தில் இருக்கச் சொன்னால் அவளுக்குக் கால் குடையும். கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்ததற்காக நர்ஸ் சிந்தியா காலையிலேயே அவளை வெளியே விரட்டிவிட்டாள்.

உள்ளே ஏசுஅடிமை மூக்கில் குழாயோடு கிடந்தார். குடல் முறுக்கிக்கொண்டதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுப் போட்டிருந்தார்கள். வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது.

"கை பட்ட குடல் மயங்கிப் போவும், அம்மா," என்று சிந்தியா சொல்லியிருந்தாள். "சிறுகுடல் சீக்கிரம் முழிக்கும். பெறவு இரைப்பை. பெருங்குடலுதான் கடைசி. அது முழிச்சுத் தள்ளினாத்தான் காத்து பிரியும். பிரிஞ்சா வழி தொறந்தாச்சுன்னு அர்த்தம்."

எத்தனை மீனின் குடலை உருவிப் பூனைக்குப் போட்டிருப்பாள் செசிலி. அதற்கென்று ஒரு தூக்கமும் விழிப்பும் உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள்? கை சொன்னபடி கேட்கிறது, கால் கேட்கிறது, இந்தச் சனியன் மட்டும் எசமான் பேச்சைக் கேட்காதாம். அவளுக்குக் குடல் மேலேயே கோபம் வந்தது.

கோபத்துக்கு அடியில் பயம். சாயங்காலத்துக்குள் காற்றுப் பிரியாவிட்டால் ஸ்கேன் எடுக்க வேண்டும், எங்காவது அடைப்பு இருந்தால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் காலையில் சொல்லிப் போயிருந்தார். பக்கத்து வீட்டுச் சிலுவைதாசனை இரண்டாம் தடவை கீறிய பிறகு பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள்.

கட்டிலருகே மருமகள் ஜின்சி இருந்தாள். மகன் டிஜோ கல்யாணம் முடிந்த கையோடு துபாய்க்குத் திரும்பிவிட்டான். மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவள் பரீட்சைக்குப் படிப்பதுபோல எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ஏசுஅடிமை அடுக்களைக்குள் போவதென்றாலும் சட்டை போட்டுக்கொண்டுதான் போவார்.

"மாமா, காத்து போச்சா?"

"இல்ல மக்கா."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பாள். அதே பதில் வரும். வராந்தாவில் அதைக் கேட்கும்போதெல்லாம் செசிலி மாதாவுக்கு இன்னொரு மெழுகுவர்த்தி கூட்டிக்கொள்வாள்.

வெயில் சாய்ந்ததும் ஜின்சி டீ வாங்கக் கீழே போனாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்துவிட்டார். செசிலியும் பின்னாலேயே நுழைந்தாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், குழலை வைத்துக் கேட்டார்.

"லேசா சத்தம் கேக்குது. காத்து பிரிஞ்சுதா?"

ஏசுஅடிமை வாயைத் திறப்பதற்குள் செசிலி முந்திக்கொண்டாள்.

"போச்சு சார். மத்தியானமே போச்சு."

"அப்ப ஸ்கேன் வேண்டாம். குழாயை மூடி வைக்கச் சொல்றேன். கரண்டி கரண்டியா வெள்ளம் குடுங்க."

சிந்தியா குழாயை மூடிவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீரும் கரண்டியும் வைத்துவிட்டுப் போனாள். கத்தியிலிருந்து தப்பித்தாயிற்று என்று செசிலி நினைத்தது கரண்டியைக் கையில் எடுக்கும்வரைதான். வழி திறக்கவில்லை என்றால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்? உள்ளே போட்ட ஒட்டு என்ன ஆகும்? ஏசுஅடிமை உதடு வெடித்து, கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கரண்டியைத் திரும்ப டம்ளருக்குள் போட்டாள்.

"நான் கள்ளம் சொல்லிட்டேன்," என்றாள். "ஒங்கள திரும்பக் கீறிருவாவளோன்னு பயந்து சொல்லிட்டேன். இப்பமே டாக்டர்கிட்ட போய் நேரைச் சொல்லிட்டு வாறேன். என்ன வந்தாலும் வரட்டு."

எழுந்தவளின் முந்தானையை அவர் பிடித்துக்கொண்டார்.

"போவாண்டாம். நீ சொன்னது நேருதான்."

"எது?"

"காலையிலயே போச்சு. டாக்டர் போன பெறவு."

செசிலி முந்தானையை விடுவித்துக்கொண்டு திரும்பினாள்.

"பெறவு ஏன் சொல்லல்ல?"

"அந்தப் பிள்ளகிட்ட எப்பிடிட்டி சொல்லுது? நாணமா இருந்து. ஒங்கிட்ட சொல்லலாம்னு பாத்தா நீ வராந்தாவுலல்லா நடந்துட்டு கிடந்த."

"திரும்பக் கீறியிருந்தா?"

"கீறியிருப்பாவ," என்றார், கடலுக்குப் போகாத நாளைப் பற்றிப் பேசுவதுபோல.

இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு, சத்தமில்லாமல் மறுபடி கத்திக்குக் கீழே போய்ப் படுத்திருப்பார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆத்திரமும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

"ஒங்க நாணத்துக்கு நான் தாலி அறுக்கணுமா?"

அந்த நேரம் பார்த்து டீயோடு உள்ளே வந்த ஜின்சி பயந்துபோய் நின்றாள். "மாமி, ஏன் அழுதிய? மாமாக்கு என்ன ஆச்சு?"

செசிலி கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்க என்பதுபோல ஒரு பார்வை. ஏசுஅடிமையின் காது சிவந்தது. அவர் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார்.

"காலையிலயே போச்சு, மக்கா," என்றார் மருமகளிடம். "நான்தான் சொல்லல்ல."

ஜின்சி டீயைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதாள்.